விட்டுப்போன வாரம்

சிவக்குமாரின் மனைவி ஜெயக்கொடி, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் புத்தகமாகத் தைத்து வைத்திருந்தாள். மகள் பிறந்த வாரத்து அத்தியாயம் மட்டும் அதில் இல்லை. முப்பது வருசமாக அதே புலம்பல்.

மதுரை நூலகத்தில் பழைய பத்திரிகைகளை பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட சிவக்குமார், ஒரு பகல் முழுக்கத் தூசி தட்டித் தேடி, ஜெராக்ஸோடு வில்லாபுரம் வீட்டுக்குத் திரும்பினார். உட்காரக்கூட இல்லை, சத்தமாக வாசித்துக் காட்டினார்.

பாதியிலேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதுனவன் கதாநாயகிய இம்புட்டு அழ விட்டுருக்கானே! ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நானா நெனச்ச கதையில அவ சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தா."

"அப்ப இது வேண்டாமா?"

"நீங்க அலைஞ்சு கொண்டாந்ததாச்சே" என்றவள் ஊசியை நீட்டினாள். "எனக்குக் கண்ணு தெரியல. நூலைக் கோத்துக் குடுங்க, தச்சுருவோம்."