ஆஷாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

நீரஜா முதன்முதலாக வந்த அன்றைக்கு ஆஷாவின் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஊரூர் ஒல்காட் குப்பத்தின் குறுகலான சந்தில், ஒரு முன்னறையும் அடுப்படியும் மட்டுமே உள்ள வீடு அது. பாயில் ஐந்து பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆறாவது பிள்ளை சித்து, ஆஷாவின் இடுப்பில். மீன் விற்கப் போகும் பெண்களும், பெசன்ட் நகர் அடுக்குமாடிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களும் விடிந்ததும் கொண்டுவந்து விட்டுப் போகும் பிள்ளைகள். சித்துவைச் சுமந்தபடியே ஆஷா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள்.

வந்திருப்பவள், வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பைச் சேர்ந்தவள் என்று தெரிந்ததும் ஆஷா மத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் டிவியை அணைத்தாள். அவ்வளவுதான், ஐந்தும் ஒரே நேரத்தில் ஓவென்று அழ ஆரம்பித்தன. அவற்றைப் பார்த்து சித்துவும் சேர்ந்துகொண்டான்.

"எப்பவும் போட மாட்டேன் மேடம். இன்னைக்குத்தான்..." என்று இழுத்தாள் ஆஷா. பொய் என்பது சுவருக்கே தெரியும்.

நீரஜா டிவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உட்கார்ந்து, அழுத பிள்ளைகளில் ஒன்றை மடியில் இழுத்துக்கொண்டு, "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க. இவங்க எல்லாரும் இருக்கும்போது நீங்க பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

ஆஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் கட்டின புருஷன் கேட்டதில்லை, பெற்ற தாய் கேட்டதில்லை. சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் மேடம் டிவி. நான் போனா அதான் புள்ளைங்கள பாத்துக்குது. சோறு வடிக்கிறப்போ அதான் பாத்துக்குது. எனக்கு மட்டும் இதுங்களோட ஆடணும், கத சொல்லணும்னு ஆச இல்லியா? ஒத்த ஆளு நான். இன்னா பண்றது?"

"மேடம் வேணாம், நீரஜான்னு கூப்பிடுங்க," என்றாள் அவள்.

அடுத்த முறை வந்தபோது அடுப்படி வாசலுக்கு ஒரு மரத் தடுப்பைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தாள். கொதிக்கிற உலைக்கும் தவழ்கிற சித்துவுக்கும் நடுவில் முதல்முறையாக ஏதோ ஒன்று நின்றது. அதற்கடுத்த முறை வந்தபோதுதான் அந்தச் செய்தியைச் சொன்னாள். வாரத்தில் ஒருநாள் ஆஷாவுக்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வருவார். எந்த நாள் வேண்டும் என்பதை ஆஷாவே சொல்லலாம்.

"வெள்ளிக்கெழம!" என்று ஆஷா கத்தியே விட்டாள். சொல்லிவிட்டுத்தான் தனக்கே வெட்கமாகிப் போனது. "இல்ல... இந்த வெள்ளிக்கெழம ஜெனிட்டா ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸு. ரிலேல கடைசியா ஓடறா."

ஜெனிட்டா அவளுடைய மகள். அடையாறில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாத கால். பள்ளியில் அவள் ஓடிய எந்தப் பந்தயத்தையும் ஆஷா பார்த்ததில்லை. ஊரார் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இந்த வருடம் ஜெனிட்டா கூப்பிடக்கூட இல்லை. "நீ எப்டியும் வர மாட்டம்மா, வுடு" என்று சொல்லிவிட்டு ஷூவுக்கு வெள்ளை அடிக்கப் போய்விட்டாள். அந்த 'வுடு' ஆஷாவுக்குள் முள்ளாகக் கிடந்தது.

அன்று மாலை பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களிடம் விஷயத்தைச் சொன்னாள். சித்துவின் அம்மா காவேரி மீன்கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"உன்ன நம்பித்தான்டி எம்புள்ளய வுட்டுட்டுப் போறேன். மூஞ்சி தெரியாதவ கையில குட்த்துட்டு நான் அங்க எப்டி யாவாரம் பண்றது?"

ஆஷாவுக்குக் கோபம் வரவில்லை. அவளிடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாள். "அப்போ மூஞ்சியப் பாரு. புதங்கெழம அவங்கள வரச் சொல்றேன். நானும் கூடவே கீறேன். நீயே வந்து பாத்துட்டு சொல்லு," என்றாள்.

புதன்கிழமை வந்தவள் பெயர் பாஞ்சாலி. நாற்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை, வியர்வையில் நனைந்த ரவிக்கை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தபோது அவளும் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தவள்தான். குடிசைகளை எடுத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பியபோது அவள் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் சிதறிப் போயின.

காவேரி மீன் விற்கக்கூடப் போகாமல் கதவில் சாய்ந்துகொண்டு, போலீஸ்காரர் மாதிரி முறைத்துப் பார்த்தாள். பாஞ்சாலி எந்தப் பிள்ளையையும் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. வாசற்படி ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆஷாவிடம் மூன்று டம்ளர் வாங்கிக் கவிழ்த்து, ஒன்றுக்குள் ஒரு சின்ன வெங்காயத்தை ஒளித்து, தனக்குத்தானே, "இதுல கீதா? இல்லியே! எங்க பூட்ச்சு?" என்று பேசிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. கடைசியாகச் சித்து தவழ்ந்து வந்து, பெரிய டம்ளரைத் தட்டிவிட்டு, வெங்காயத்தைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்தான்.

"அங்கதான் இருந்துச்சா! கெட்டிக்கார நைனாடா நீ!" என்று பாஞ்சாலி கைதட்டினாள். தட்டிக்கொண்டே வெங்காயம் அவன் வாய்க்குப் போவதற்குள் லாகவமாக எடுத்துக்கொண்டாள்.

காவேரி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "சரி. ஆனா போனு கையிலயே இருக்கணும், சொல்ட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆஷா மாதாகோயில் திருவிழாவுக்குக் கட்டும் மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். பாஞ்சாலியைத்தான் காணோம். போன் அடித்தாள். "பஸ்ஸு திருவான்மியூராண்ட பிரேக்டவுன் ஆகி நின்னுடுச்சும்மா! எறங்கி வந்துகினேகீறேன்!" என்று மூச்சிரைக்கப் பதில் வந்தது.

கடலுக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்த அவள் புருஷன் ஜான் எழுந்து உட்கார்ந்தான். "நீ கெளம்பு ஆஷா, நான் பாத்துக்கறேன்."

"நீயா? சித்துவுக்குக் கால் கழுவி வுடத் தெரியுமா உனக்கு? கண்ண மூடினா குறட்டதான். பேசாம இரு, வந்துடுவாங்க."

சந்து முனைக்குப் போவாள், வருவாள். பிள்ளைகளும் இது ஏதோ விளையாட்டு என்று அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பின்னாலேயே வந்தன. கடைசியில் சந்து முனையில் துணிப்பை ஆடிற்று. பாஞ்சாலி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"போ! போ! நிக்காத, ஓடு!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள்.

ஆஷா ஓடினாள். பூ ஒரு பக்கம் தொங்க, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலை காய்கிற இடத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்து ஓர் ஆட்டோவை மறித்தாள். "சீக்கிரம் போங்கண்ணா, எம்பொண்ணு ஓடறா!" ஆட்டோக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, "யாரோடம்மா?" என்று பதறினார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, இருந்த சந்து பொந்தெல்லாம் நுழைந்து பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மைதானம் முழுக்கக் கூச்சல். ரிலே ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. ஆஷா கூட்டத்தை முண்டிக்கொண்டு கயிற்றருகே போய் நின்றாள். அதோ, கடைசி வளைவில் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள் ஜெனிட்டா. அவளுக்கு முன்னால் மூன்று பேர் குச்சியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். இவளுடைய கைக்கு இன்னும் வரவில்லை. வந்தது. வாங்கினாள். ஓடினாள்.

"ஜெனீ! ஓடுடீ! ஓடு ஜெனீ!"

தன் தொண்டையில் இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று ஆஷாவுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா ஒருத்தியைத் தாண்டினாள். அந்தக் குரலைக் கேட்டுத்தானோ என்னவோ, ஒரு கணம் தலை திரும்பியது. "திரும்பாதடீ!" என்று ஆஷா அலறினாள். அடுத்தவளையும் தாண்டினாள். முதல் ஆளைப் பிடிக்க இன்னும் இரண்டு எட்டு இருக்கும்போது கோடு வந்துவிட்டது.

இரண்டாவது இடம். ஆனால் ஜெனிட்டா வந்த வேகத்தில் நிற்கவே இல்லை. அப்படியே வளைந்து கயிற்றைத் தாண்டி வந்து அம்மாவின் மேல் மோதினாள். மகள் நெஞ்சு அடித்ததா, தன் நெஞ்சு அடித்ததா என்று ஆஷாவுக்குத் தெரியவில்லை.

"யம்மா! நீ எப்டி வந்த? புள்ளைங்க?"

"பாஞ்சாலி அக்கா கீறாங்கடீ!"

"பூ வச்சிகினு வந்துக்கீற! டீச்சர்! டீச்சர்! எங்கம்மா!"

மத்தியானம் ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது சந்தே நிசப்தமாக இருந்தது. ஆஷா அவசரமாக எட்டிப் பார்த்தாள். டிவி அணைந்திருந்தது. பின்பக்கத் துவைகல்லருகே ஒரு பேசினில் தண்ணீரை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் டம்ளர் டம்ளராக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தன. ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள், தப்புத் தப்பாக. பாஞ்சாலி ஓரமாக உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்து!" என்று ஆஷா கையை நீட்டினாள். சித்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் தண்ணீரில் கையைவிட்டு அளைந்தான்.

ஆஷாவுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து என்னைத் தேடவே இல்லையா? பாஞ்சாலி அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"தேடினான்மா. வாசல்லயே குந்திகினு அழுதான். அப்பறம் தெளிஞ்சிட்டான். நீ நல்லா வளத்து வச்சிக்கீறதாலதான் என்னாண்ட வந்தான்."

ஆஷா அவளருகே ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பந்தயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் விட்டதை ஜெனிட்டா சொன்னாள். பாஞ்சாலி மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணு நீரஜா, மூணு மாசத்துக்குத்தான் என்ன அனுப்ப முடியும்னு சொல்லிக்கீது," என்றாள்.

"அப்பறம்?"

"அப்பறம் தெரியாது."

"வேற யார் வூட்டுக்கெல்லாம் போற?"

"நொச்சிக்குப்பத்துல ஒருத்தி, வடபழனில ஒருத்தி. எல்லாம் உன்ன மாதிரிதான், ஒத்தையா."

ஆஷாவுக்கு இது புதுச் செய்தி. இந்த ஊரில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தாள். "அவங்க நம்பர வாங்கிக் குடு அக்கா. எல்லாரும் சேந்து போய்க் கேப்போம். ஒத்த ஆளு கேட்டாத்தான் காதுல வுழாது."

பேசிக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. எழுந்து நின்றாள். "அக்கா, நீ பஸ்ஸுக்குப் போறதுக்கு இன்னும் நேரம் கீது இல்ல? இப்போ நாம ரெண்டு பேரு. ஜெனியோட சேத்து மூணு. வா, கடலுக்குப் போலாம்!"

கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தனியாளாக ஆறு பிள்ளைகளை அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக அவளுக்கு ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை. இப்போது ஆளுக்கு இரண்டாகப் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, சித்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜான் தூக்கம் கலைந்து, "எங்க எல்லாரும்?" என்று கேட்டபடி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த காவேரி இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னாடி ஆச்சு? எம்புள்ளைக்கு இன்னா?"

"ஒண்ணும் ஆவல. அலையில கால் நனைக்கப் போறான் உம்புள்ள. வரியா?"

காவேரி வாங்க நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "தோ, ஒரே நிமிசம்!" என்று அவர்களிடம் கத்திவிட்டு, மீன் செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சித்துவை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டாள். முதல் அலை வந்து கணுக்காலைத் தொட்டதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து போட்ட கூச்சலில், படகில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன.