அரை இஞ்ச் வால்வு

ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டுக்குள் குழாய்க்காரர் நுழைந்துவிட்டார் என்ற செய்தி, அவர் பையைக் கீழே வைப்பதற்குள் தெருமுனை வரைக்கும் போய்விட்டது.

பெரிய சொத்துச் சண்டையாக்கும் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் வீடு கட்டி முடித்து, வந்தவர்களுக்கு அறை அறையாகக் காட்டிக்கொண்டிருந்த நாளில், குழாய்க்காரத் தம்பி அத்தனை பேர் முன்னாலும், "கழிவுக் குழாய்க்குச் சரிவு பத்தலண்ணா, தண்ணி திரும்பி சமையலறைக்கே வரும்" என்று சொல்லிவிட்டார். மூன்றே மாதத்தில் வந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் அண்ணன் மன்னித்திருப்பார். எடை அளவு இலாகாவில் முப்பது வருஷம் ஊரார் தராசிலெல்லாம் குறை கண்டுபிடித்து ஓய்வு பெற்ற மனுஷர். தன் வீட்டில் ஒருவன் குறை கண்டுபிடித்ததை அவரால் விழுங்க முடியவில்லை.

இப்போது கூப்பிட்டது அவரல்ல, அண்ணி. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, கைப்பிடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். உட்கார்ந்தபடியே நாலாபக்கமும் வெந்நீர் அடித்தால் வலி தணியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அவர் கூப்பிட மாட்டார் தம்பி. நான் கூப்பிடறேன், வாங்க" என்றார் போனில்.

குழாய்க்காரருக்கு ஊரில் 'முக்கால்' என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் முக்கால் இஞ்ச் பைப் போட்டால்தான் கை வைப்பேன் என்பார். குளியலறையில் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் ஒரே நேரத்துல ஓடணுமா, ஒண்ணு மாத்தி ஒண்ணா?"

"ஒரே நேரத்துல. இல்லாட்டி இத்தனை எதுக்கு?"

முக்கால் சுவரிலேயே பென்சிலால் கூட்டினார். தலைக்கு மேலே ஷவருக்கு நிமிஷத்துக்குப் பதினாலு லிட்டர், கை ஷவருக்கு எட்டு, சுவரில் பதிக்கும் பீச்சுக்குழல் நாலுக்கும் சேர்த்துப் பதினாறு. மொத்தம் முப்பத்தெட்டு. "அரை இஞ்ச் பைப்பு இதுல பாதிகூடத் தராது. தொட்டியிலேருந்து இங்க வரைக்கும் முக்கால்தான் இழுக்கணும்."

அண்ணன் கூட்டலைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. "இழுடா" என்றார். அந்த 'டா'வைக் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. முக்கால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பைப்பை அளக்க ஆரம்பித்தார்.

வினை அதற்கப்புறம் வந்தது, வெல்வெட் பெட்டிக்குள். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து விடுகிற வால்வை அண்ணன் எப்போதோ வாங்கி, பீரோவில் நகை போலப் பூட்டி வைத்திருந்தார். பொன்னிறம். திறந்து காட்டினார்.

"எப்படி? இதுலயும் ஏதாவது நொட்டை சொல்லுவியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முக்கால் அதன் வாயில் பெருவிரலை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. அரை இஞ்ச். வழி நெடுக அகலத் தெரு போட்டு, கடைசியில் ஒரு பூனை நுழையும் சந்து வைத்த மாதிரி. எத்தனை பெரிய பைப் வந்தாலும் தண்ணீர் இங்கே வந்து கழுத்து நெரிபடும். கதவருகே அண்ணி கைப்பிடியைப் பிடித்தபடி இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குண்ணா" என்றார் முக்கால்.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். மறுநாள் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்ன வயதில் இருவரும் மாமா சைக்கிளைக் குட்டையில் தள்ளிய கதையைச் சொன்னார். அதற்கு மறுநாள் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வால்வு சுவருக்குள் போனது. பூச வந்த டைல்ஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"என்ன முக்கால், இங்க அரை நிக்குது? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒட்டுய்யா பேசாம."

ஒட்டிவிட்டார்.

வேலை முடிந்த அன்று அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, உடையோடு முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் கடை திறப்பவர் மாதிரி வால்வைத் திருகினார். மேலே ஷவர் நூல் நூலாக இறங்கியது. பீச்சுக்குழல் நாலும் ஜலதோஷம் பிடித்த மூக்கு போலச் சுவரோடு ஒழுகின. அண்ணியின் முதுகில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

அண்ணன் வாளியும் கடிகாரமும் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துப் பிடித்து அளந்தார்.

"முப்பத்தெட்டுன்னு சுவத்துல எழுதின. பதினஞ்சு வருது. வால்வா?"

"ஆமாண்ணா."

"போடும்போது தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றால் தொழில் போகும், தெரியும் என்றால் அண்ணன் போவார். "தெரியும்" என்றார் முக்கால்.

"வாயில என்ன வச்சிருந்த?"

"முன்னாடி ஒரு தடவ வாயத் திறந்தேனேண்ணா."

அண்ணன் வாளியைக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாலு டைல்ஸ் உடைத்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்று முக்கால் கதவைப் பார்த்துச் சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அண்ணி ஸ்டூலை விட்டு எழவில்லை. "சொல்லியிருந்தா ரெண்டு நாள் குதிச்சிருப்பார். எனக்கு அது பழக்கம்தானே தம்பி. என் முதுகுல தண்ணி விழுந்திருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் வேறொரு ஆள் வந்தான். டைல்ஸை உடைக்காமல், சந்துப் பக்கம் வெளிச்சுவரைக் குடைந்து வால்வை எடுப்பதாக ஏற்பாடு. முக்கால் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தார். உளி, பைப் ஏறும் இடத்துக்கு நேராக நின்றது.

"தம்பி, வலது பக்கம் ஒரு சாண் தள்ளித் தட்டு. நீ உளி வச்ச இடத்துலதான் பைப்பு ஏறுது. முதல்ல தொட்டித் தண்ணிய நிறுத்து."

அவன் மேலும் கீழும் பார்த்தான். "நீங்கதான் அந்த முக்காலா? நீங்க எது சொன்னாலும் காதுல வாங்க வேணாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

முக்கால் அண்ணனுக்குப் போன் போட்டார். இரண்டு மணி அடித்துத் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டார். இந்தத் தடவை ஒரு மணிதான்.

உளி இறங்கியது. காரை உதிர்ந்தது, அப்புறம் தண்ணீர் பீறிட்டது. எதிர்ச்சுவரில் மோதித் தெறித்து, சந்து முழுக்க ஓடியது. குறையாமல் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு இருக்கும். அந்த ஆள் உளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

மேலே ஜன்னலில் அண்ணன் முகம் வந்தது. தண்ணீரைப் பார்த்தது, நனைந்து நிற்கும் தம்பியைப் பார்த்தது. முக்கால் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் சாத்திக்கொண்டது.