சமக்குறிக்கு இருபுறமும்

அந்த அலுவலகத்தில் என் பெயரைக் கேட்கிற ஒரே ஜீவன் கம்ப்யூட்டர்தான். மற்றவர்களுக்கு நான் ‘கம்ப்யூட்டரம்மா’. காலையில் திரை யூசர் பெயர் கேட்கும். வேம்பு என்று அடிப்பேன். நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டின், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளின், முதல் நிபந்தனையும் அதுவே. உள்ளே வந்திருப்பவர் பெயர் வேம்பு என்றால் ஓடு, இல்லையென்றால் நில். அதைப் படிக்கும்போது எனக்கே என்மேல் பாவமாக இருக்கும்.

இது இரண்டாயிரத்து ஒன்றில். தஞ்சாவூர் தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்த வேலை, வாடகை அறை. பழைய குத்தகைப் பதிவேட்டில் உள்ள பெயரையும் அந்த ஆளின் ரேஷன் அட்டைப் பெயரையும் ஸ்கிரிப்ட் ஒப்பிடும். பொருந்தினால் புதிய பட்டியலில் இடம். பொருந்தாதவர்கள் ஒரு மாதத்தில் நிரூபிக்காவிட்டால் குத்தகை உரிமை ரத்து, நிலம் உடையவருக்கே திரும்பிவிடும்.

முதல் ஓட்டத்தில் ஆயிரத்து இருநூறு பேரும் பொருந்தினார்கள். தாசில்தார் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். நம் ஊர்ப் பட்டியல் ஒன்று பிழையே இல்லாமல் இருக்குமா? தேடிப் பார்த்தால் பிழை என்னுடையது. ஷெல்லில் சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இரண்டு பெயரும் குறியும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். சொல் என்று ஏதாவது இருந்தாலே கம்ப்யூட்டர் ‘ஆம்’ என்றுவிடும். பதிவேட்டில் ராமாயி பெயரில் உள்ள வயலுக்கு ஒரு மிராசுதார் தன் டிரைவர் சிங்காரவேலுவின் ரேஷன் அட்டையைச் செருகியிருந்தார். அதற்கும் ‘ஆம்’.

இடைவெளி போட்டு மறுபடி ஓட்டினேன். முந்நூற்றுப் பதினேழு பேர் வெளியே விழுந்தார்கள். சிங்காரவேலு விழுந்ததில் சந்தோஷம். நாற்பத்தோராம் வரியில் என் அப்பா விழுந்தார்.

ரேஷன் அட்டையில் ராஜாங்கம். பதிவேட்டில் இராசாங்கம். தாத்தா வைத்த பெயர் முன்னது. இருபது வயதில் கட்சிக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்த அப்பா, ‘ஜ’வைத் தூக்கி எறிந்து ‘ச’ வைத்து, முன்னால் ஓர் ‘இ’ போட்டு அதைத் தமிழாக்கிக்கொண்டார். அந்தப் பெயரில்தான் நிலச் சொந்தக்காரர் நாகேஸ்வரன்மீது ஏழு வருஷம் வழக்கு நடத்தி, பூதலூர் பக்கம் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சம், நிலத்தில் குத்தகை உரிமை வாங்கினார். ரேஷன் அட்டை எழுதிய மகராசனுக்கு இந்தக் கொள்கையெல்லாம் தெரியவில்லை.

சவும் ஜவும் ஒன்று, முன்னால் வரும் ‘இ’யைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் அதே வரி, ஒரே தெருவில் இருக்கும் ராசுவையும் ராஜுவையும் ஒரே ஆளாக்கிவிடும். அப்பாவுக்கு மட்டும் என்று எழுதினால் சிங்காரவேலுவின் முதலாளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எழுதவில்லை.

நோட்டீசோடு அப்பா வந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் என்னை ‘மேடம்’ என்றார். எனக்கு உடம்பு கூசியது. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று, இரண்டையும் அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், உறவுக்காரர் கூடாது என்று விளக்கினேன். விரல்விட்டு எண்ணினார். பழைய கூட்டாளி காத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். போன தை மாதம் மருதையனும். மூன்றாவது விரலுக்கு ஆள் இல்லை.

நாகேஸ்வரன் இருக்கிறாரே என்றேன். அப்பா நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் தஞ்சாவூரில்தான் இருந்தார். பதிவு ரத்தானால் ஐந்து மாவும் அவருக்குத்தான் போகும்.

“அவரு வாசல்ல நான் போயி நிக்கணுமா?” என்றார் அப்பா.

அரைநாள் லீவு போட்டுவிட்டு நானே கூட்டிப்போனேன். கதவைத் திறந்தது அவரேதான். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். ஹாலில் ஒரே ஒரு நாற்காலிமேல்தான் தூசி இல்லை. தாளை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டால் யாருக்கு நஷ்டம் என்று அவருக்குப் புரியாமலில்லை.

“ராஜாங்கம்னு அதட்டிக் கூப்பிட்டவனும் நான்தான். கோர்ட்டு நோட்டீஸ்ல இராசாங்கம்னு ஏழு வருஷம் படிச்சவனும் நான்தான். எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு இன்னொரு நாற்காலியைத் துண்டால் துடைத்தார். “உட்காருங்க, இராசாங்கம்.”

அப்பா உட்கார்ந்தார். ஆற்றில் தண்ணீர் வராதது பற்றி இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். போதும் போங்கள் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அப்பா தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

“மருதையன் போனதுலேர்ந்து என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா. ஊர்ல எல்லாருக்கும் பெரியவருதான். இன்னிக்கு இவரு கூப்பிட்டாரு.”

பொங்கலுக்கு அப்புறம் நான் ஊருக்கே போகவில்லை. போயிருந்தாலும் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதே. சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.

“வேம்பு” என்றார்.

என்னப்பா என்று ஓடிப்போய் நின்றேன். ஒன்றுமில்லையாம். சும்மா கூப்பிட்டுப் பார்த்தாராம்.