லேடிபெல் என்று நான் எழுதிவைத்த செடி

கனடாவின் சாஸ்கடூனில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் செடிகளைப் பிரித்து நட்டதுபோக மிஞ்சியதை வாளியில் போட்டு, 'இலவசம்' என்று எழுதிப் பின்சந்தில் வைத்துவிடுவோம். ஆறு வருடத்துக்கு முன் நானும் ஒரு வாளி வைத்தேன். ஊதா மணிப்பூ பூக்கும் தோட்டச்செடி அது; லேடிபெல் என்று கொட்டை எழுத்தில் பெயர் வேறு எழுதினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இந்த ஜூலையில் பக்கத்து வீட்டு மிர்னாவின் பாத்தியில் ஊதா மணிப்பூக்கள் மற்ற செடிகளை அமுக்கிவிட்டு நின்றன. பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே இருந்து, ஒன்றுக்கு நான்காக முளைக்கும். பின்வீட்டு கிளிஃப்தான் காரணம், அவர் களையெடுக்காமல் விட்டதுதான் வேலிக்கு அடியில் வந்துவிட்டது என்று மிர்னா தெருவெல்லாம் சொன்னாள். தோட்டச் சங்கத்தில் முறையிட்டு, சனிக்கிழமை ஊர்க்காரர்கள் பார்க்க வரும் தோட்டங்களின் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடிக்கவும் வைத்துவிட்டாள். பாவம், அதற்காகவே மனுஷர் வேலிக்குப் பெயின்ட் அடித்திருந்தார்.

அந்தப் பூக்கள் என் லேடிபெல் மாதிரியே இருந்தன. பார்வைக்கு அதேபோல் இருக்கும் களை ஒன்றும் உண்டு. லேடிபெல் பூவைக் கிழித்தால், நடுக்காம்பின் அடியில் குட்டிக் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்க வேண்டும். என் தோட்டத்தில் பதினேழு பூக்களைக் கிழித்தேன். ஒன்றிலும் இல்லை. ஊருக்கெல்லாம் நான் தானம் செய்தது களையைத்தான்.

சொன்னால் மிர்னாவோடு முப்பது வருடச் சிநேகிதம் போய்விடும். சொல்லாவிட்டால் கிளிஃப் முகத்தில் விழிக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை மண்வெட்டியோடு மிர்னா வீட்டுக்குப் போய், அவர்மேல் தப்பில்லை, எல்லாம் என் செடிதான் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மிர்னா குனிந்த தலை நிமிரவில்லை. "தெரியும்டி வெல்டா. வேலிக்கு அடியில ஒண்ணும் வரல. உன் வாளியிலேருந்து நானே எடுத்து, நானே நட்டேன்."

"அப்புறம் எதுக்கு அந்த மனுஷன் தலையில போட்ட?"

"யாரையாவது திட்டணும்ல? உன்னைத் திட்டினா நீ பேச மாட்ட. நீ பேசாம என்னால இருக்க முடியாது. அந்த ஆளுகூட நான் என்னிக்குப் பேசினேன்?"

கோபப்படத்தான் நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. சங்கத்துக்குப் போன் போட்டு அவர் பெயரைத் திரும்பச் சேர்க்க வைத்தேன். மன்னிப்புக் கேள் என்று மிர்னாவை அவர் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கேட்டாள். கிளிஃப் சிரித்துக்கொண்டே காப்பி போட்டார். ஒரு மணி நேரமாகியும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவதாயில்லை. நான் மட்டும் திரும்பி வந்து அவள் பாத்தியைத் தோண்டத் தொடங்கினேன். இனி இந்தத் தெருவில் அவள் திட்டுவதற்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.