முப்பது மீட்டருக்குக் கீழே

வாய்க்கரிசித் தட்டை அமுதவல்லி மறுபடியும் நீட்டினாள். மாமியார் கஸ்தூரியம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போடுங்க அத்தை. தூக்கப் போறாங்க."

"குடிச்சுட்டு செத்தவனுக்கு நான் போட மாட்டேன். என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணான்."

பழவேற்காட்டுக்கு பஸ் வரத்தான் நேரமாகும், வதந்திக்கு ஆகாது. அமுதவல்லியின் கணவன் பூவரசனின் உடல் பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே, அவன் குடித்துவிட்டுக் கடலில் இறங்கினான் என்ற பேச்சு குப்பம் முழுக்கப் பரவியிருந்தது. புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள் கஸ்தூரியம்மாள். மகனையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாள். அமுதவல்லிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. நேற்றுக் காலை அவள் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போன மனிதன். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

வாசலில் முகைதீன் நின்றிருந்தான். பூவரசனோடு சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலில் முங்குகிறவன். அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"அண்ணே, அங்க இன்னா நடந்துச்சுனு அத்தைகிட்ட சொல்லுங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான்.

"அவன் குடிக்கலம்மா. கப்பல் முழுகின எடத்துல ஒரு வலை மாட்டிக்கினு இருந்துச்சு, எடுக்கப் போனோம். சாதா காத்து அடைச்ச சிலிண்டருக்கு முப்பது மீட்டர்தான் எங்க எல்லை. அதுக்குக் கீழ போனா அந்தக் காத்தே போதை ஏத்தும். அவனுக்கும் தெரியும். அறுத்துடலாம்னு நான் சைகை காட்னேன். வலைக்காரன் வூட்டுப் புள்ள, அறுக்க மனசு வரல. தோ, இன்னும் கொஞ்சம்னு காட்டிட்டு கீழ போய்ட்டான்."

"அப்புறம்?" என்றாள் அமுதவல்லி.

"சிரிச்சான். வாயில இருந்த குழாயக் கழட்டி மீனுக்கு நீட்டுனான். நான் போய்ப் புடிக்கிறதுக்குள்ள..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "குடிச்சவன் மாதிரி சிரிச்சான்னு போட்ல நான்தான் சொன்னேன். கரைக்கு அது வேற மாதிரி வந்துடுச்சு."

வெளியே மேளம் நின்றது. நேரமாயிற்று என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கஸ்தூரியம்மாள் அசையவில்லை. நம்பினாளா இல்லையா என்று அமுதவல்லிக்குத் தெரியவில்லை. தட்டைப் பிடித்திருந்த கை வலித்தது.

"பயந்தானா?" என்றாள் கஸ்தூரியம்மாள், சுவரைப் பார்த்தபடியே.

"இல்லம்மா. சந்தோஷமாதான் இருந்தான்."

அவள் எழுந்து வந்து மகன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அரிசியை அள்ளினாள். முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்துவிட்டு, "வாயத் தொற, கண்ணு" என்றாள்.