சரிவுமனை

டில்லியில் தர்பார் நடந்த வருஷம், சேரன்மகாதேவி அம்பலவாணப் பிள்ளைக்கும் அவர் தம்பி சிவசைலத்துக்கும் பொதுவில் மிஞ்சியிருந்தது ஆற்றங்கரை மனை ஒன்றுதான். அப்பா காலமானதும் வயலையும் தோப்பையும் பிரித்துக்கொண்டார்கள். இந்த மனையை மட்டும் யாரும் கேட்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் நல்ல அகலம். கொஞ்சம் உள்ளே போனால் நிலம் அப்படியே தாமிரபரணிக்குள் சரிந்துவிடும். ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும்.

அந்த இடத்தில் அம்பலவாணருக்குத் திடீரென்று வீடு தேவைப்பட்டது. மகளுக்குத் தென்காசியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி ஒற்றுமையா என்று அந்தப் பக்கத்தார் விசாரித்தார்கள். ஒரே வீடாகக் கட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து, ஓவர்சியர் உத்தியோகம் பார்க்கும் தம்பியிடம் வரைபடம் போடச் சொன்னார்.

அண்ணனோடு ஒரு கூரைக்கடியில் இருக்க சிவசைலத்துக்கு இஷ்டமில்லை. ஆனால் வாடகை வீட்டு ஒற்றை அறையில் பெண்டாட்டி நீலாம்பாளும் இரண்டு பெண்பிள்ளைகளும் படுகிற பாடு அவனுக்குத் தெரியும். சம்மதித்தான். சரிவை மூன்று தட்டாக வெட்டலாம் என்று மனையில் நின்று விளக்கினான்.

"மேல்தட்டு எனக்கு. கூடம், பூசையறை, பத்தாயம் எல்லாம் அங்கன. நடுத்தட்டுல தொழுவம். கீழ்த்தட்ட நீ வச்சுக்கோ" என்றார் அம்பலவாணர்.

"தொழுவத்துக்குக் கீழயா, அண்ணாச்சி? மாட்டு மூத்திரம் எங்க தலையில வழியும்லா."

"வாய்க்கா போட்டு ஒதுக்கு. ஓவர்சியருதானலே நீ. ரெண்டு பொட்டப்பிள்ளையப் பெத்தவனுக்கு ஒசரத்துல என்ன சோலி?"

சிவசைலம் வீட்டுக்கு வந்து காகிதத்தை விரித்தான். அந்தச் சரிவு முழுக்கப் பாறை. கிழக்கு ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மண் இருந்தது; படி வைத்து ஆற்றில் இறங்க அங்கேதான் முடியும். அந்த இடத்தைத் தன் முற்றத்துக்குள் வருகிற மாதிரி வளைத்துப் போட்டான். மேல்வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் போக வேண்டுமென்றாலும் அவன் முற்றத்துக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நீலாம்பாள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொன்னான்.

"தாழ்ப்பா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"நம்ம பக்கம்."

எல்லாரும் ஒன்றாக இருந்த காலத்தில், நிறைமாசக்காரியான அவளை அண்ணன் பெண்டாட்டி பிரம்மநாயகி ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வைத்திருந்தாள். நீலாம்பாள் அதை மறக்கவில்லை. "நல்ல தாழ்ப்பாளாப் போடச் சொல்லுங்க" என்றாள்.

அம்பலவாணர் படத்தில் முகப்புத் தூண்களை மட்டும் பார்த்தார். தெருவிலிருந்து ஒரே வீடாகத் தெரிந்தது. சரி என்றுவிட்டார்.

அஸ்திவாரத்துக்கு முளை அடிக்கிற அன்று பிரம்மநாயகியும் வந்தாள். சங்கிலிபூதத்தான் கொத்தனார் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தூண் பக்கம் திரும்பவே இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு, அடுக்களைக்கு அடித்த முளையிலிருந்து ஆற்றை நோக்கிக் கயிற்றோடு பைய இறங்கினாள். கீழ்த்தட்டில் நின்றுவிட்டாள்.

"கொழுந்தனாரே, ஆத்துக்கு வேற வழி இல்லையா?"

"இல்ல, மதினி. மத்த எடமெல்லாம் பாறை."

"அப்போ ஒவ்வொரு குடத்துக்கும் ஒங்க பொண்டாட்டி வந்து கதவத் தொறக்கணும்."

"தொறக்கலாம். தொறக்காமலும் இருக்கலாம்."

"வேணும்னே போட்டிருக்கிய."

"ஆமா."

அவள் அவனையே பார்த்தாள். "அவளச் சுமக்க வச்சதுக்கா?"

"அதுக்கும்தான்."

மேலே ஏறிப் போய், வேலைக்காரர்கள் காதிலும் விழுகிற குரலில் புருஷனிடம் சொன்னாள்.

அம்பலவாணர் சரிவில் நிற்க முடியாமல் பாதி உட்கார்ந்தும் பாதி சறுக்கியும் இறங்கி வந்தார். வேட்டியெல்லாம் செம்மண். "எனக்கே தண்ணி காட்டுதியோ? மாத்திப் போடுலே."

"மேல்தட்ட எனக்குத் தாங்க. மாத்திப் போடுதேன்."

கன்னத்தில் அறை விழுந்தது. கொத்தனார் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். அப்பா போனபின் சிவசைலத்தை யாரும் கைநீட்டி அடித்ததில்லை. காது ரீங்காரமிட்டது. திருப்பி அடிக்க வந்த கையை அடக்கிக்கொண்டு முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பிடுங்கிப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான்.

"தெருவுலருந்து ஆறு வரைக்கும் நெடுக்கா வகுந்துருவோம். ஒமக்குப் பாதி, எனக்குப் பாதி." அண்ணாச்சி என்ற சொல் அதோடு அவன் வாயிலிருந்து போயிற்று.

"தென்காசிக்காரன் பார்த்தா என்னலே நெனைப்பான்?"

"பார்க்கட்டும்."

ஊர்ப் பெரியவர்கள் வந்து வகுந்துகொடுத்தார்கள். மண் இருந்த ஓரம் சிவசைலம் பக்கம் விழுந்தது. அம்பலவாணர் பாறைக்கு வெடி வைத்துத் தனக்குப் படி வெட்டிக்கொண்டார். அந்த அதிர்வில் சிவசைலத்தின் புதுச் சுவர் விரிசல் விட்டது. பூசியதும் மறுபடி விரிந்தது. தென்காசிச் சம்பந்தம் இதனால் முறிந்துவிடவில்லை. ஆனால் கல்யாணத்துக்குத் தம்பியை அழைக்கவில்லை.

இரண்டு வீடும் நடைபாதை மாதிரி ஒடுங்கி நீண்டன. நடுச்சுவரின் இரு பக்கமும் இரண்டு அடுக்களை. தன் அடுக்களையை எட்டிப் பார்க்கிறார்கள் என்று அம்பலவாணர் சுவரை உயர்த்தினார். சிவசைலம் அதற்கும் மேல் உயர்த்தினான்.

"இதுக்கு மேல எழுப்புனா ஒங்களுக்கும் வெளிச்சம் வராது, ஐயா. புகையும் போவாது" என்றார் கொத்தனார்.

"தெரியும். ஏத்தும்."

அதன்பின் நீலாம்பாள் மத்தியானத்திலும் விளக்கேற்றித்தான் சமைத்தாள். ஐப்பசியில் ஒருநாள் சிவசைலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே பேச்செடுத்தாள்.

"அங்கயும் விளக்கு ஏத்தித்தான் சமைக்காவளாம்."

"யாரு சொன்னா?"

"ஒங்க மதினிதான். குளிக்கப் போன எடத்துல, அவுக படியில நின்னு சொன்னாவ. புகையில கண்ணு எரியுது, ஏட்டி, ஒனக்கும் எரியுதான்னு கேட்டாவ."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "நீ என்ன சொன்னே?"

"எரியலன்னு சொன்னேன்."

அவள் கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சிவசைலம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.