எதிரி வராத நாவல்

பட்டாளத்தில் காயம்பட்டவர்களை ஏற்றும் லாரியை ஓட்டியவன் அவன். ஊர் திரும்பியபின் மருந்துக் கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டே, கிடைத்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்தான். மனைவியின் அண்ணன் சொந்தமாக அச்சகம் நடத்தினார். வெளியாளிடம் கெஞ்ச வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டான். அங்கேதான் வினை.

மச்சான் ப்ரூஃபை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடைசி வரைக்கும் எதிரியே வரலையே மாப்பிள்ளை."

"எங்க கண்ணுலயும் படலை மச்சான். சுருட்டையைக் கொன்னது நம்ம பீரங்கிதான்."

சுருட்டை, லாரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கூட்டாளி. இலக்கு தவறி விழுந்த சொந்தப் பக்கத்துக் குண்டில் அடிபட்டு, தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்தான். அந்த அத்தியாயத்தைக் 'கொஞ்சம் வீரமா' மாற்றித் தரும்படி மச்சான் நச்சரித்தார். போனில் கேட்டார், சாப்பாட்டு மேசையில் கேட்டார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டும் கேட்டார். நடுவில் மாட்டிய மனைவி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில், எழுத்தில் கை வைப்பதில்லை என்று மச்சான் இறங்கி வந்தார்.

புத்தகம் தயார் என்றதும் ஓடினான். அட்டையில் மலையுச்சி, நெருப்பு, துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்த ஒரு மீசைக்காரன். எழுத்தைத் தொடவில்லையே என்று மச்சான் சிரித்தார்.

அவனுக்கு அலுத்துவிட்டது. பைண்டிங் அறையில் தரையில் உட்கார்ந்து, பசை காயாத அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தான். மச்சான் போட்ட கூச்சலில் இயந்திரமே நின்றது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தூக்கை ஓரமாக வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து பிய்த்தாள்.

"உனக்கும் மூளை கழண்டுடுச்சா?" என்றார் அண்ணன்.

"அந்தச் சுருட்டை சாகுற இடத்தை முழுசாப் படிச்சியாண்ணா?"

படிக்கவில்லை. அது அவர் முழித்த முழியிலேயே தெரிந்தது. முறைத்துக்கொண்டே அட்டையில்லாத பிரதி ஒன்றை எடுத்துக் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிடங்கிலிருந்து பழுப்பு அட்டையை எடுத்துவரச் சொன்னார்.

படமே இல்லாமல், பேர் மட்டும் போட்டு நாவல் வந்தது. விற்பனை சுமார்தான். மளிகைப் பொட்டலம் மாதிரி இருந்தால் எவன் வாங்குவான் என்று மச்சான் இன்னமும் புலம்புகிறார். வாங்க வருகிறவர்களிடம் மட்டும், சுருட்டை வருகிற பக்கத்தைத் தானே பிரித்துக் கொடுக்கிறார்.